பேனல் வக்கீல் யார்?

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளைப் பற்றி தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்கச் சிறை சிறையாகப் போய் 373 கைதிகளிடம் பேசித் தொகுத்த அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் அடிமட்டத்தில் கிடப்பவர்கள். சிறையில் இருக்கும் எவருக்கும், வருமானம் என்ன என்ற கேள்வியே இல்லாமல், அரசுச் செலவில் வக்கீல் உண்டு என்கிறது சட்டம். இருந்தும் அந்தக் கைதிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் காசு கொடுத்துத் தனியார் வக்கீலை வைத்திருந்தார்கள்.

சும்மா கிடைப்பதை ஒதுக்கிவிட்டுக் கடன் வாங்கிச் செலவு செய்கிறவர் விவரம் தெரியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். உயிர் போகும் வழக்கில் அந்தக் குடும்பம் எடுத்த முடிவு அது. அரசு அனுப்பும் வக்கீலைவிட, பேர் தெரியாத ஒரு தனியார் வக்கீல் மேல் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையும் பெரும்பாலும் வீண் என்பதை அதே அறிக்கை சொல்லிவிடுகிறது. உயர் நீதிமன்றத்தில் தனக்காக வாதாடிய வக்கீலை ஒரு முறைகூடப் பார்த்ததோ பேசியதோ இல்லை என்று சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்கு.

ஆக, இலவச வக்கீல் மோசம், காசு வாங்கும் வக்கீல் நல்லவர் என்று இதைச் சுருக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே பார் அசோசியேஷனின் உறுப்பினர்கள். பல சமயம் இரண்டு பேரும் ஒரே ஆள். இந்தியாவில் சட்ட உதவிக்கென்று தனியாக ஒரு வக்கீல் சாதி கிடையாது. காலையில் கட்சிக்காரரிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வாதாடும் அதே மனிதர், பிற்பகலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் நியமனக் கடிதத்தோடு வேறொரு நீதிமன்றத்தில் நிற்கிறார். அவருடைய வாரத்தில் இலவச வழக்குக்கு எந்த நேரம் மிஞ்சுகிறதோ, அதுதான் ஏழைக்குக் கிடைக்கும் சட்ட உதவி. ஆணைக்குழுவின் பட்டியலில், அதாவது பேனலில், பேர் உள்ள அந்த மனிதரைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

கொஞ்சம் பின்னணி சொல்லியாக வேண்டும். 1949-இலேயே பம்பாய் மாகாணம் சட்ட உதவிக்கு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் என்.எச். பகவதி. சுமார் 30 ஆண்டு கழித்து அவருடைய மகன் பி.என். பகவதி உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து, பீகார் சிறைகளில் தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களின் வழக்கை விசாரித்தார். உசைனாரா கத்தூன் வழக்கு என்று சட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமான 1979 வழக்கு. தந்தையும் மகனும் ஒரே பிரச்சினையை முப்பது வருட இடைவெளியில் கையில் எடுத்தார்கள் என்பதே இந்த நாட்டில் இது நகர்ந்த வேகத்தைச் சொல்லும். அந்த வழக்கைக் கொண்டுவந்தவர் கபிலா ஹிங்கோரானி. எந்த ஆணைக்குழுவும் அவரை நியமிக்கவில்லை. நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு மனுப் போட்டவர்.

கேரளம் இதில் முந்திக்கொண்டது. 1957-இல் வி.ஆர். கிருஷ்ணய்யர் அங்கே சட்ட அமைச்சராக இருந்தபோதே ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகள் வந்துவிட்டன. மற்ற பல இடங்களில் கொலை வழக்குக்கு மட்டும் அரசுச் செலவில் வக்கீல் வைக்கும் பழைய வழக்கமே நீடித்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் இலவசச் சட்ட உதவிக்கான 39-ஏ பிரிவை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9 அன்று. ஏழைகளுக்கான சட்டம் எட்டு ஆண்டு அலமாரியில் காத்திருக்கலாம் என்பதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தமிழ்நாட்டில் அது 3 லட்சம் ரூபாய். கூட்டிப் பார்த்தால் நாட்டின் மக்கள்தொகையில் 80 சதவீதம் பேர் இந்தக் குடைக்குள் வந்துவிடுவார்கள். குடையைப் பிடிக்க எத்தனை பேர்? காமன்வெல்த் மனித உரிமை முன்னெடுப்பு என்ற அமைப்பு 2018-இல் எடுத்த கணக்கில் நாடு முழுக்கப் பேனல் வழக்கறிஞர்கள் சுமார் 61 ஆயிரம் பேர். அதாவது 18 ஆயிரத்துச் சொச்சம் மக்களுக்கு ஒருவர். சட்ட உதவிக்கு அரசு செய்த செலவைத் தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு 75 பைசா. டீக்கடையில் 75 பைசாவுக்கு இன்று தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

பேனலில் சேர என்ன தகுதி? தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்கின்றன. பேனல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியமைக்கப்படும். கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஃபீஸை ஆணைக்குழு தரும், வழக்கின் கட்டத்துக்கு ஏற்றபடி பிரித்துத் தரும்.

மூன்று ஆண்டு அனுபவம் என்ற வாசலில் வந்து நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா வக்கீலாக இருந்தவருக்கு அப்பாவின் ஆபீஸ் இருக்கிறது, குமாஸ்தா இருக்கிறார், பழைய கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர் இந்த வாசலுக்கு வரத் தேவையில்லை. வருகிறவர்களில் பலர் வீட்டில் முதல் ஆளாகச் சட்டக் கல்லூரிக்குப் போனவர்கள். ஒரு சீனியரிடம் சேர்ந்து, வாய்தா வாங்குவதும் நகல் மனு போடுவதுமாக இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்கள். விதி என்ற சட்டக் கொள்கை மையம் 2020-இல் சென்னை உட்பட ஏழு உயர் நீதிமன்ற வழக்கறிஞர்களிடம் கேட்டபோது, இரண்டு வருடத்துக்குக் குறைவான அனுபவம் உள்ளவருக்கு மாதம் 10 ஆயிரம்கூடத் தேறாது என்று 79 சதவீதம் பேர் சொன்னார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20 ஆயிரமும் மற்ற ஊர்களில் 15 ஆயிரமும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சீனியர்கள் எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பதை இந்த அவையில் இருக்கும் ஜூனியர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவருக்குப் பேனலில் பேர் வருவது சின்ன விஷயம் இல்லை. தன் பேரில் வழக்கு நடத்தலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சீனியரின் நிழல் இல்லாமல் நீதிபதி முன்னால் நிற்கலாம். காசைவிட அந்தப் பழக்கத்துக்காகத்தான் பலர் வருகிறார்கள். இதில் குற்றம் ஏதுமில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஐந்தாறு வருடத்தில் கை தேறி, சொந்தமாகக் கட்சிக்காரர்கள் சேர்ந்ததும் அவர் பேனலைவிட்டுப் போய்விடுகிறார், அல்லது பேர் மட்டும் இருக்க மனசு வெளியே போய்விடுகிறது. ஏழைகளின் வழக்கில் தொழில் கற்றுக்கொண்டு, கற்ற தொழிலை வசதியுள்ளவர்களுக்குச் செய்வது என்று இதைச் சொன்னால் கடுமையாகத் தோன்றும். ஆனால் ஏற்பாடு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஒரு மாவட்டத் தலைநகரில் பேனல் வக்கீல் ஒருவரின் நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கையில் நியமனக் கடிதம் இருக்கிறது. கைதியின் பேர், காவல் நிலையம், குற்ற எண், எந்தச் சிறை என்பவை அதில் இருக்கும். மனைவியின் ஃபோன் நம்பர் இருக்காது. குற்றப்பத்திரிகை நகல் சட்டப்படி குற்றம்சாட்டப்பட்டவர் கையில் தரப்பட்டுவிட்டது. அவரோ சிறையில், அந்தக் காகிதக் கட்டும் அவரோடு சிறையில். அதை வாங்கிப் படிக்க வேண்டுமென்றால் சிறைக்குப் போக வேண்டும். மத்திய சிறை பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் போய்வர ஒரு நாள் காலி. அன்றைக்குச் சார்பு நீதிமன்றத்தில் அவருடைய சொந்தக் கட்சிக்காரரின் விபத்து இழப்பீட்டு வழக்கில் சாட்சி விசாரணை இருக்கிறது. எதை விடுவார்?

சிறைப் பயணத்தைத்தான் விடுவார். பிறகு வாய்தா அன்று வழிக்காவல் போலீஸார் கைதியை வேனில் கொண்டுவந்து நீதிமன்ற வராண்டாவில் உட்கார வைப்பார்கள். அங்கே ஐந்து நிமிடம். ‘ஐயா, நீங்கதான் எங்க வக்கீலா?’ என்று கைதி கேட்பார். பக்கத்திலேயே காவலர் நிற்பார். நடந்தது என்ன என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது? இப்போது காணொலி வழியாக ஆஜர்படுத்தும் பழக்கம் வந்த பிறகு அந்த வராண்டா ஐந்து நிமிடமும் பல இடங்களில் போய்விட்டது. மனு டைப்பிங், ஜெராக்ஸ், பஸ் சார்ஜ் எல்லாம் முதலில் கைக்காசு. ஆணைக்குழுவில் பில் போட்டு வாங்கிக்கொள்ளலாம், வழக்கு அந்தந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு.

இந்த மனிதரைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். சிலர் உண்மையிலேயே சோம்பேறிகள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலானவர்களின் கணக்கு எளிமையானது: ஃபீஸ் தரும் வழக்கு வாடகை கட்டுகிறது, பேனல் வழக்கு கட்டவில்லை.

பெண்கள் பக்கம் வருவோம். நாட்டில் பதிவு செய்த 17 லட்சம் வழக்கறிஞர்களில் பெண்கள் 15 சதவீதம்தான் என்று 2021-இல் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா சொன்னார். இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட்டின் 2019 பதிப்புப்படி பேனல் வழக்கறிஞர்களில் பெண்கள் 18 சதவீதம். பிறகு வந்த பதிப்புகளில் இது கால் பங்கை நெருங்கியது. அதாவது பொதுவான வக்கீல் கூட்டத்தில் இருப்பதைவிடச் சட்ட உதவியில் பெண்கள் அதிகம். மகிழ்ச்சியான செய்தி என்று நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் அவர்களுக்கு என்ன வழக்கு தரப்படுகிறது என்று பார்த்தால் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் குறையும். ஜீவனாம்சம், குடும்ப வன்முறைச் சட்ட மனு, குழந்தையை யார் வைத்துக்கொள்வது, சமரச மையம் என்றுதான் பெரும்பாலும் போகும். கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் ஆண்களுக்கு. உதவி கேட்டு வரும் பெண்களில் பலர் பெண் வக்கீலிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள் என்பது உண்மை, அதனால் இந்தப் பங்கீட்டில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதன் விலையை யார் தருகிறார்கள் என்பதைச் சற்று நேரத்தில் பார்க்கலாம்.

இங்கே ஒரு மாற்றுக் காட்சிக்கு இங்கிலாந்துக்குப் போய்வருவது பலன் தரும். சட்ட உதவிக்கு 1949-லேயே சட்டம் போட்ட நாடு அது. காவல் நிலையத்தில் ஒருவரைக் கைது செய்து வைத்தால் இரவு இரண்டு மணியானாலும் பணிமுறையில் இருக்கும் வழக்கறிஞர் வர வேண்டும், கட்டணம் அரசு தரும். இந்த வழக்கறிஞர்களின் வயதை அங்குள்ள சட்டச் சங்கம் 2018-இல் கணக்கெடுத்தது. சராசரி 47. சில மாவட்டங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். கட்டணம் தொண்ணூறுகளிலிருந்து அதுவரை உயரவில்லை. போதாததற்கு 2014-இல் 8.75 சதவீதம் வெட்டினார்கள். இளைஞர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொத்துச் சட்டத்துக்கும் கம்பெனிச் சட்டத்துக்கும் போய்விட்டார்கள். பழையவர்கள் ஓய்வு பெறும்வரை ஓட்டுகிறார்கள். 2022-இல் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்களே வேலை நிறுத்தம் செய்து, அக்டோபரில் 15 சதவீத உயர்வை ஏற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

அங்கே வயதானவர்கள் மிஞ்சுகிறார்கள், இங்கே இளைஞர்கள் வந்து வந்து போகிறார்கள். பார்க்க நேரெதிராகத் தெரியும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்த வேலையை வைத்துக்கொண்டு நடு வயதில் குடும்பம் நடத்த முடியாது. 35 முதல் 50 வரை, ஒரு வக்கீல் தொழிலில் உச்சத்தில் இருக்கும் வயதில், அவர் ஏழைக்குக் கிடைப்பதில்லை.

கிடைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளாரன்ஸ் கிடியன் என்பவர் கதை பலருக்குத் தெரியும். 1961-இல் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் புகுந்து சில்லறை திருடியதாக வழக்கு. வக்கீல் கேட்டார், நீதிபதி தர மறுத்தார். தானே வாதாடினார், தோற்றார். சிறையிலிருந்து பென்சிலில் எழுதிய மனு உச்ச நீதிமன்றம் போய், 1963-இல் ஏழைக்கு வக்கீல் தருவது அரசின் கடமை என்ற தீர்ப்பு வந்தது. பாடப்புத்தகங்கள் இதோடு முடித்துவிடும். சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். மறு விசாரணைக்கு வெளியூர்ப் பெரிய வக்கீல்கள் தயாராக வந்தார்கள். கிடியன் அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீலைக் கேட்டார்.

முதல் விசாரணையில் ஒரு டாக்ஸி ஓட்டுநரின் சாட்சியம் கிடியனைக் கவிழ்த்திருந்தது. என்னை ஏற்றிச் சென்றதை யாரிடமும் சொல்லாதே என்று அன்று விடியற்காலை கிடியன் தன்னிடம் சொன்னதாக அவர் சொல்லியிருந்தார். திருடிவிட்டு ஓடுகிறவன் பேச்சு மாதிரியே இருக்கிறது அல்லவா? டர்னர் குறுக்கு விசாரணையில், இதற்கு முன்னாலும் கிடியன் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ஓட்டுநர். ஏன்? மனைவியோடு அவருக்குத் தகராறு, அதனால். அவ்வளவுதான், முதல் தடவை யாரும் கேட்காத கேள்வி. ஜூரி ஒரு மணி நேரம்போலப் பேசிவிட்டுக் குற்றமற்றவர் என்று சொன்னது. டர்னர் ஊரையும் சாட்சிகளையும் அறிந்தவர், வழக்குக்கு முன்னால் போய் விசாரித்துவிட்டு வந்தவர். அந்தக் கேள்வி சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

இப்போது மத்தியப் பிரதேசத்துக்கு வருவோம். அனோகிலால் வழக்கு. ஒரு சிறுமியைக் கொன்ற குற்றச்சாட்டு, 2013 ஜனவரி இறுதியில் நடந்த சம்பவம். பிப்ரவரி 19 அன்று முன்னர் நியமிக்கப்பட்ட வக்கீல் வரவில்லை என்று சட்ட உதவியில் வேறொருவரை நியமித்தார்கள். அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. வந்தவர் கோப்பைப் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். மார்ச் முதல் வாரத்திலேயே தீர்ப்பு, மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வரக்கூடிய வழக்குகளில் 10 ஆண்டு அனுபவம் உள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. விரைவான நீதி என்று பாராட்டப்பட்டிருக்கக்கூடிய வழக்கு அது. வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எதிர்த் தரப்பில் ஆளே இல்லாத காரணத்தால் வந்த வேகம்.

பெரிய வழக்குகளைவிடச் சின்ன வழக்குகளில்தான் இந்த நேரமின்மை அதிகம் காயப்படுத்துகிறது. ஒரு எடுத்துக்காட்டு போதும். கைது செய்து 60 நாளில், கடுமையான குற்றமென்றால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் கைதிக்குப் பிணை பெறும் உரிமை தானாகவே வந்துவிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187-ஆவது பிரிவு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கெடு முடிந்த மறுநாள் காலையில் மனு போட்டால் உரிமை நிலைத்துவிடும். அன்று பிற்பகல்வரை மனு போடாமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. இதற்குச் சட்ட மேதை வேண்டாம். காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைத்து, அன்று காலை நீதிமன்றத்தில் இருக்கும் வக்கீல் போதும். கொரோனா ஊரடங்கின்போது இந்த உரிமையே நின்றுபோய்விட்டதா என்ற கேள்வி மதுரை மாவட்டம் சமயநல்லூர்க் காவல் நிலைய வழக்கு ஒன்றிலிருந்துதான் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2020 ஜூனில், நிற்கவில்லை என்று பதில் வந்தது. அந்தக் கெடுவை எண்ணிக்கொண்டிருந்த ஒரு வக்கீல் இருந்ததால் வந்த தீர்ப்பு.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வட்டத்தைப் போட ஓர் ஆள் இருந்தார்?

இதற்கு ஒரு பதிலாகத்தான் 2022-இல் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பு வந்தது. இப்போது 600-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இயங்குகிறது. பேனல் முறையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. மாதச் சம்பளம்போல மதிப்பூதியம் உண்டு, தனிப்பட்ட வழக்கு எதையும் எடுக்கக் கூடாது, முழு நேரமும் குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்காக மட்டும் வேலை. நீதிமன்ற வளாகத்திலோ அருகிலோ அலுவலகம், உதவிக்கு எழுத்தர். தலைமை வழக்கறிஞருக்குக் குற்றவியலில் 10 ஆண்டு அனுபவமும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் குறைந்தது 30 வழக்கு நடத்திய தகுதியும் வேண்டும். துணை வழக்கறிஞருக்கு 7 ஆண்டு, 20 வழக்கு. உதவி வழக்கறிஞர்கள் மூன்று ஆண்டுக்குட்பட்டவர்கள். அரசுத் தரப்பில் பப்ளிக் பிராசிக்யூட்டர் இருப்பதுபோல எதிர்த் தரப்பிலும் ஒரு நிலையான அலுவலகம் இருக்கட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம், தாமதமாக வந்த எண்ணம்.

பெண் வக்கீல்கள் தரும் விலை இங்கேதான் தெரிகிறது. பத்து வருடம் ஜீவனாம்ச வழக்கும் சமரசமும் நடத்தியவரிடம் செஷன்ஸில் 30 கொலை, கொள்ளை வழக்கு நடத்திய பட்டியலைக் கேட்டால் எங்கே போவார்? கொடுக்காத வழக்கின் எண்ணிக்கையைத் தகுதியாக வைத்தால், தலைமை நாற்காலி யாருக்குப் போகும் என்பது விண்ணப்பம் கோருவதற்கு முன்பே தெரிந்துவிடும். இதைச் சரி செய்ய விதியை மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, இன்றைக்குப் பேனலில் இருக்கும் பெண்களுக்கும் செஷன்ஸ் வழக்குகளைச் சுழற்சியில் கொடுத்தால் சில வருடத்தில் பட்டியல் தானாக வந்துவிடும்.

சில ஊர்களில் வழக்கறிஞர் சங்கங்கள் இந்த அமைப்பை எதிர்த்தன. ஜூனியர்களின் பிழைப்பில் மண் விழுகிறது என்றார்கள். புறந்தள்ளக் கூடிய வாதம் இல்லை. குற்ற வழக்குகள் முழு நேர அலுவலகத்துக்குப் போன பிறகு பேனல் வக்கீலுக்குச் சிவில் வழக்கு, குடும்ப வழக்கு, பாதிக்கப்பட்டவர் தரப்பு வழக்கு ஆகியவையே மிஞ்சுகின்றன. ஒரே வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட இருவர் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால், ஒருவருக்கு அலுவலகத்து வக்கீல், இன்னொருவருக்குப் பேனல் வக்கீல். குறுக்கு விசாரணை கற்றுக்கொள்ளப் பேனலுக்கு வந்த முதல் தலைமுறை இளைஞருக்கு அந்தப் பள்ளிக்கூடம் மூடிவிட்டது என்பது உண்மை. ஆனால் கைதியின் உடம்பில் பயிற்சி எடுப்பதற்கு வாய்ப்புப் போய்விட்டது என்று கைதி வருத்தப்பட வேண்டுமா என்ன?

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. செயலாளர் சார்பு நீதிபதி நிலையில் இருப்பவர். பாதுகாப்பு வழக்கறிஞருக்கு முதலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், பிறகு வேலை திருப்தியாக இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. காலையில் செஷன்ஸ் நீதிபதியாக அமர்ந்திருப்பவர் முன்னால் நின்று, இந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது, இன்னும் மூன்று சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்கும் வக்கீலின் ஒப்பந்தம், அதே நீதிபதி தலைமை வகிக்கும் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. எந்த நீதிபதியும் இதை மனதில் வைத்துப் பழி வாங்குவார் என்று சொல்லவில்லை. அந்த வக்கீல் மூன்றாவது சாட்சியைக் கேட்கும்போது ஒரு நொடி தயங்கினாலே போதும், நஷ்டம் கைதிக்கு. முடிக்கப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கையை வைத்துத் திருப்தியை அளந்தால் இன்னும் மோசம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு என்று கைதியிடம் சொல்வதுதான் எண்ணிக்கையை ஏற்றுவதற்கு எளிய வழி.

அளக்கவே கூடாது என்பதில்லை. 2012-இல் அஜ்மல் கசாப் வழக்குத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மாஜிஸ்டிரேட் முன்னால் முதன்முதலில் நிறுத்தும்போதே வக்கீல் உண்டு என்று சொல்லி, அவர் இல்லாவிட்டால் ஏற்பாடு செய்ய வேண்டும், தவறும் மாஜிஸ்டிரேட் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். 2023 ஜனவரியில், பிணை கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராத கைதியைப் பற்றிச் சிறை நிர்வாகம் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களுக்காக வந்த உத்தரவு அது. 2024 அக்டோபரில் சுகாஸ் சக்மா வழக்கில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, சிறைகளில் உள்ள சட்ட உதவி மையங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று அவ்வப்போது பரிசீலிக்கச் சொன்னது.

இந்த உத்தரவுகளிலேயே அளவுகோல் இருக்கிறது. கைதாகி எத்தனை நாளில் வக்கீல் முதல் தடவை கைதியைப் பார்த்தார்? மாதத்தில் எத்தனை தடவை சிறைக்குப் போனார்? கெடு முடிந்த வழக்குகளில் எத்தனையில் மறுநாளே பிணை மனு போட்டார்? பிணை கிடைத்தவர் வெளியே வர எத்தனை நாள் ஆனது? சிறை வாசலில் வருகைப் பதிவேடு இருக்கிறது, நீதிமன்றத்தில் மனுப் பதிவேடு இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பதில் வந்துவிடும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தால் அமைந்த பொது அமைப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. இந்த அவையில் இருக்கும் வழக்கறிஞர்களோ சட்ட மாணவர்களோ தங்கள் மாவட்டத்துக்கு இந்த நான்கு கேள்விகளையும் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அனுப்பலாம். பதில் தர 30 நாள் அவகாசம்.